அலையின் சக்தியைத் தீர்மானிப்பது மீடிறனா, வீச்சமா?

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகளுக்கு உதவப்போய் மாட்டிக்கொண்ட ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளின் கொப்பியில் இரண்டு வரிகள் இருக்கின்றனவாம். ஒன்று கதிர்ப்புப் பாடத்தில்: மீடிறன் (ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்பது, தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதிர்வெண்) கூடினால் சக்தி கூடும், அலைநீளம் கூடினால் சக்தி குறையும். மற்றது அலைகள் பாடத்தில்: அலை கொண்டுசெல்லும் சக்தி வீச்சத்தின் (அலை நடுநிலையிலிருந்து விலகும் உச்ச அளவின்) வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். இரண்டில் எது சரி என்பது அவருடைய முதல் கேள்வி. அடுத்தது இன்னும் கூர்மையானது. 2004 சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் என்கிறார்கள், அலைநீளம் கூடினால் சக்தி குறையும் என்றால் அந்த அலை எப்படி அத்தனை பேரைக் கொன்றது? கடைசியில், பக்கத்து மாடிக்கட்டடத்தின் மேல் வந்திருக்கும் கைத்தொலைபேசிக் கோபுரத்தைப் பற்றியும் ஒரு வரி.

கொழும்பில் நீண்ட காலமாக உயர்தர வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சந்தேகம் வருகிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு வரியையும் பாடமாக்கிவிட்டு, ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று ஒரு நாளும் யோசிக்காத பிள்ளைதான் பரீட்சையில் தடுமாறும். இரண்டு வரியும் சரிதான். ஆனால் இரண்டும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி அல்ல. “அலையின் சக்தி” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எதனுடைய சக்தி என்று கேட்டால்தான் கதை தெளியும். அலை தன் சக்தியைக் கொடுக்கும்போது ஒரு தடவைக்குக் கொடுக்கும் மிகச் சிறிய பங்கு ஒன்று. ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனில் வந்து விழும் சக்தி இன்னொன்று, அதைச் செறிவு என்கிறோம். ஓர் அலை முழுவதிலும் அடங்கியிருக்கும் சக்தி மூன்றாவது. கொப்பியின் முதல் வரி முதலாவதைப் பற்றியது மட்டுமே. பணக்கட்டு ஒன்றைக் காட்டி, இதில் மொத்தம் எவ்வளவு என்று கேட்பது வேறு, இதிலுள்ளவை எத்தனை ரூபாய்த் தாள்கள் என்று கேட்பது வேறு. மீடிறன் தாளின் மதிப்பைச் சொல்கிறது. எத்தனை தாள் என்று அது சொல்வதில்லை.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். ஒளி, வானொலி அலை, எக்ஸ் கதிர் எல்லாமே மின்காந்த அலைகள். அவை சக்தியைச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும், வாங்கும். ஒரு சொட்டுக்குப் பெயர் போட்டன். ஒரு போட்டனின் சக்தி, பிளாங்கின் மாறிலியை மீடிறனால் பெருக்க வருவது. அந்த மாறிலி 6.626 × 10⁻³⁴ யூல் செக்கன். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் மாறாது என்பதால், மீடிறனுக்குப் பதிலாக ஒளிவேகத்தை அலைநீளத்தால் வகுத்துப் போட்டுக்கொள்ளலாம். சக்தி அலைநீளத்துக்கு நேர்மாறு விகிதசமன் என்பது அங்கிருந்துதான் வருகிறது. கணக்குக்கு ஒரு குறுக்குவழி: 1240 ஐ நனோமீற்றரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போட்டனின் சக்தி இலத்திரன் வோல்ட்டில் (அணு அளவிலான சக்தியைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) வந்துவிடும். 700 நனோமீற்றர்ச் சிவப்புக்கு ஏறத்தாழ 1.8, 400 நனோமீற்றர் ஊதாவுக்கு 3.1. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் இந்தச் சிறிய இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

இனி வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பெட்டிகளைப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹேர்ட்ஸில். வைஃபை பெட்டியின் பழைய அலைவரிசையும் 2.4 கிகாஹேர்ட்ஸை ஒட்டியதுதான். மீடிறன் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இரண்டிலிருந்தும் வரும் போட்டன்களுக்கு வேறுபாடு கிடையாது, ஒவ்வொன்றும் சுமார் ஒரு இலத்திரன் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் அடுப்பு 800 வாட் கொடுக்கிறது, வைஃபை பெட்டி 0.1 வாட் அளவில் கொடுக்கிறது. ஒன்று சோற்றைச் சூடாக்குகிறது, மற்றது உள்ளங்கையைக்கூடச் சூடாக்காது. மீடிறன்தான் சக்தி என்று எடுத்துக்கொண்டால் இந்த 8000 மடங்கு வேறுபாட்டை விளக்கவே முடியாது. வேறுபாடு முழுக்க எண்ணிக்கையில்: அடுப்பு ஒரு செக்கனில் ஏறத்தாழ 5 × 10²⁶ போட்டன்களை விடுகிறது, வைஃபை பெட்டி ஏறத்தாழ 6 × 10²² போட்டன்களை விடுகிறது.

புறக்கோட்டையில் விற்கும் லேசர் பேனாக்களை வைத்து மறுபக்கத்தையும் பார்க்கலாம். சிவப்புப் பேனா 650 நனோமீற்றர், பச்சைப் பேனா 532 நனோமீற்றர், இரண்டும் 5 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கதிரில் சக்தி கூட என்று வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் பச்சை என்பார்கள். இரண்டும் 5 மில்லிவாட், ஆகவே ஒரு செக்கனில் வரும் சக்தி சமம். பச்சைப் போட்டன் ஒன்றுக்குச் சக்தி கூட, அதனால் எண்ணிக்கை குறைவு: செக்கனுக்கு 1.34 × 10¹⁶. சிவப்பில் 1.64 × 10¹⁶. (பச்சைதான் பிரகாசமாகத் தெரியும். அது நம் கண்ணின் இயல்பு, சக்தியின் கணக்கு அல்ல. கடையில் வாங்கும் பேனாவில் எழுதியிருக்கும் மில்லிவாட்டை அப்படியே நம்பவும் வேண்டாம், கண்ணில் அடிக்கவும் வேண்டாம்.)

சரி, மொத்தச் சக்தியைத்தான் எண்ணிக்கையால் ஈடுசெய்துவிடலாமே, பிறகு ஒரு போட்டனின் சக்தியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம்? சில வேலைகளில் எண்ணிக்கை உதவாது என்பதால்தான். ஒளி பட்டு உலோகத்திலிருந்து இலத்திரன்கள் கிளம்பும் ஒளிமின் விளைவு அப்படிப்பட்டது. ஹென்ரிச் ஹேர்ட்ஸ் 1887 இல் முதலில் கவனித்தார். 1902 இல் லெனார்ட் அளந்து பார்த்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது: ஒளியின் செறிவைக் கூட்டினால் உலோகத்திலிருந்து கிளம்பும் இலத்திரன்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் அவற்றின் உச்ச இயக்கச் சக்தி அசையவே இல்லை. வீச்சத்தின் வர்க்கம் என்ற பழைய கணக்குப்படி, பலமான அலை இலத்திரனைப் பலமாக உதைத்திருக்க வேண்டும். 1900 இல் பிளாங்க் வேறொரு பிரச்சினைக்காகக் கொண்டுவந்த சக்திச் சொட்டு என்ற எண்ணத்தை 1905 இல் ஐன்ஸ்டைன் ஒளிக்கே பொருத்தி, ஒரு போட்டன் ஒரு இலத்திரனுக்கு என்று விளக்கினார். இதைப் பிழை என்று காட்டத்தான் மில்லிகன் பல வருடங்கள் உழைத்தார். 1916 இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் ஐன்ஸ்டைனின் நேர்கோட்டில் அப்படியே போய் உட்கார்ந்தன. நொபெல் பரிசு ஐன்ஸ்டைனுக்கு 1921 ஆம் ஆண்டுக்கானது, மில்லிகனுக்கு 1923. எனக்கு இதில் மில்லிகனின் பங்குதான் கூடப் பிடிக்கும். நம்பாதவர் அளந்து கொடுத்த சாட்சி.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பொன்னிலை மின்காட்டியும் (மின்னேற்றம் இருந்தால் இலைகள் விரிந்து நிற்கும் கருவி) அதன்மேல் வைக்க மினுக்கிய நாகத்தகடும் (துத்தநாகம்) இருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தகட்டுக்கு மறை ஏற்றம் கொடுத்துவிட்டு எவ்வளவு பெரிய மேசை விளக்கைப் பிடித்தாலும் இலைகள் விரிந்தபடியே நிற்கும். புறஊதா விளக்கைப் பிடித்தவுடன் சுருங்கும். நாகத்தின் வேலைச் சார்பு (ஒரு இலத்திரனை வெளியே எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த சக்தி) சுமார் 4.3 இலத்திரன் வோல்ட், அதாவது 290 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். மேசை விளக்கின் போட்டன்களில் 3.1 க்கு மேல் போவது அரிது. நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகினால் புறஊதா விளக்கும் பலிக்காது, சாதாரணக் கண்ணாடி அந்தக் குறுகிய அலைநீளத்தை விழுங்கிவிடும்.

வெயிலில் தோல் எரிவதும் இந்த வகைதான். நண்பகலில் தெளிவான வானத்தின் கீழ் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. அதில் புறஊதா சில வீதம் மட்டுமே. தோலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் அந்தச் சில வீதத்திலும் ஒரு சிறு பகுதி, 315 நனோமீற்றருக்குக் கீழே உள்ள பகுதி. அங்கே ஒரு போட்டனுக்கு ஏறத்தாழ 4 இலத்திரன் வோல்ட் இருக்கிறது, அது தோல் உயிரணுவின் மூலக்கூறுகளில் இரசாயன மாற்றத்தை உண்டாக்கப் போதும். மீதி 900 சொச்ச வாட் உடம்பைச் சூடாக்கும், வியர்க்க வைக்கும். அடுப்படியில் நாள் முழுக்க நிற்பவருக்கும் சூடு படுகிறது, ஆனால் அது வெயில் எரிவு அல்ல. அடுப்பின் சூட்டைக் கொண்டுவரும் செந்நிறக்கீழ் (அகச்சிவப்பு) போட்டன் ஒன்றில் இலத்திரன் வோல்ட்டில் ஒரு பகுதிதான் இருக்கிறது.

இனி கொப்பியின் இரண்டாவது வரி. இழுத்துக் கட்டிய ஓர் இழையில் அலை போகிறது. அது ஒரு செக்கனில் கொண்டுசெல்லும் சராசரிச் சக்தி, அதாவது வலு, நான்கு விடயங்களில் தங்கியிருக்கிறது: இழையின் அலகு நீளத் திணிவு, அலையின் வேகம், வீச்சத்தின் வர்க்கம், மீடிறனின் வர்க்கம். கொப்பியில் வீச்சத்தை மட்டும் எழுதிவிட்டு மீடிறனை விட்டிருக்கிறார்கள். இழையின் துணிக்கைகள் மேலும் கீழும் போகின்றன. அதே தூரத்தை இரண்டு மடங்கு மீடிறனில் போய்வர வேண்டுமென்றால் வேகம் இரண்டு மடங்காக வேண்டும், இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கம், ஆகவே நான்கு மடங்கு. எளிய இசை இயக்கம் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல.

அப்படியானால் பொறிமுறை அலைகளில் எப்போதும் மீடிறனின் வர்க்கம் வருமா? இங்கேதான் புத்தகங்கள் அவசரப்பட்டுத் தாண்டிப் போகின்றன. வீச்சம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒலியை எடுங்கள். காற்றுத் துணிக்கை எவ்வளவு தூரம் அசைகிறது என்பதை வீச்சமாகக் கொண்டால் செறிவில் மீடிறனின் வர்க்கம் வரும். அமுக்கம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வீச்சமாகக் கொண்டால், அதே செறிவுக்கான சூத்திரத்தில் மீடிறனே இராது. அமுக்க வீச்சத்தின் வர்க்கத்தைக் காற்றின் அடர்த்தி, ஒலிவேகம் இரண்டின் பெருக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடிந்தது. முரண் ஒன்றும் இல்லை, ஒரே அசைவுத் தூரத்துக்கு மீடிறன் கூடக்கூட அமுக்கமும் கூடுகிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் பாட்டுப் போடும் பெட்டியின் பெரிய ஒலிபெருக்கி வெளியே தள்ளித் தள்ளி ஆடுவதையும் சின்னது அசைவதே தெரியாமல் கத்துவதையும் பார்த்திருப்பீர்கள். ஒரே செறிவைக் கொடுக்க, 1000 ஹேர்ட்ஸில் அசைவதைவிட 50 ஹேர்ட்ஸில் காற்றுத் துணிக்கை 20 மடங்கு தூரம் அசைய வேண்டும். மின்காந்த அலைக்கு வீச்சம் என்பது மின்புலத்தின் உச்சம். அங்கும் செறிவுச் சூத்திரத்தில் மீடிறன் கிடையாது.

இரண்டு வரிகளையும் ஒரே இடத்தில் பொருத்திப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு பயிற்சி. ஒரு அலையியின் (வில்லில் ஆடும் திணிவு போன்றது) வீச்சத்தை மாற்றாமல் மீடிறனை இரட்டிப்பாக்குங்கள். மொத்தச் சக்தி நான்கு மடங்கு. ஒரு சொட்டின் சக்தி இரண்டு மடங்கு. ஆகவே சொட்டுகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். இப்போது ஒளிக்கு வாருங்கள். மின்புல வீச்சத்தை மாற்றாமல் மீடிறனை இரட்டிப்பாக்கினால் செறிவு மாறாது, ஒரு போட்டனின் சக்தி இரட்டிப்பு, ஆகவே செக்கனுக்கு வரும் போட்டன்கள் பாதி. இந்த இரண்டையும் ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்த பிள்ளை அதன்பிறகு இந்த இடத்தில் குழம்பி நான் பார்த்ததில்லை.

சுனாமிக் கேள்விக்கு வர, முதலில் காலிமுகத்திடலுக்கு முன்னால் உள்ள கடலைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிட்டத்தில் காற்று எழுப்பும் குறுகிய அலைகளும், தென் இந்து சமுத்திரத்தில் எங்கோ அடித்த புயல் அனுப்பிவைத்த நீண்ட அலைகளும் கலந்து வரும். கடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீற்றரில் தேங்கியிருக்கும் அலைச் சக்தி, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல், வீச்சத்தின் வர்க்கம் மூன்றின் பெருக்கத்தில் பாதி. மீடிறன் இங்கும் இல்லை. ஆனால் அந்தச் சக்தி கரையை நோக்கி வரும் வேகம் அலையின் காலத்தைப் (ஒரு முகடு வந்து அடுத்த முகடு வரும்வரை எடுக்கும் நேரம்) பொறுத்தது. ஆழ்கடலில், முகட்டிலிருந்து பள்ளம்வரை 1 மீற்றர் உயரமுள்ள அலை, 5 செக்கன் காலத்துடன் வந்தால் முகட்டின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் சுமார் 5 கிலோவாட் கொண்டுவருகிறது. அதே உயரம், 10 செக்கன் காலம் என்றால் சுமார் 10 கிலோவாட். கவனியுங்கள், மீடிறன் பாதியானது, அலைநீளம் நான்கு மடங்கானது, வலு இரட்டித்தது. கொப்பியின் முதல் வரியைக் கடலுக்குப் போட்டால் நேர் எதிரான விடை வரும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கிழக்குக் கரைக்கு வந்தது. ஆழ்கடலில் அது பெரிய அலையாக இருக்கவில்லை. அந்த நேரத்தில் மேலே கடந்துபோன ஜேசன்-1 செய்மதி திறந்த கடலில் அளந்த உயர்வு 60 சென்ரிமீற்றர் அளவுதான். கணக்குக்காக வீச்சத்தை அரை மீற்றர், காலத்தை 30 நிமிடம், கடலின் ஆழத்தை 4000 மீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். அப்படி நீண்ட அலைக்கு வேகம் என்பது புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்: செக்கனுக்கு 198 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். அலைநீளம் ஏறத்தாழ 356 கிலோமீற்றர். சதுர மீற்றருக்குள்ள சக்தியைப் பார்த்தால் மேலே சொன்ன 1 மீற்றர் உயரச் சாதாரண அலையின் அளவேதான், சுமார் 1250 யூல். வேறுபடுவது இரண்டு. அந்தச் சக்தி 10 செக்கன் அலையைவிட 25 மடங்கு வேகமாக வருகிறது, ஆகவே மீற்றருக்கு 250 கிலோவாட். அப்புறம், 10 செக்கனில் ஓய்ந்துவிடாமல் ஒரே அலை அரை மணி நேரம் நீடிக்கிறது. ஒரு அலையின் காலத்துக்குள் வந்து சேரும் மொத்தச் சக்தியை ஒப்பிட்டால், ஒரு மீற்றர் அகலத்துக்கு, சுனாமி 4500 மடங்குக்கு மேல். மேலும் சாதாரண அலையில் ஆழம் போகப்போக நீரின் அசைவு அடங்கிவிடும். சுனாமியில் மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரை முழு நீரும் அசைகிறது. இலங்கையில் மட்டும் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குக் காரணம் நீண்ட அலைநீளம் இருந்தும் அல்ல, நீண்ட அலைநீளம் இருந்ததால்தான்.

கரையை நெருங்கும்போது நடப்பது இன்னும் சுவையானது. ஆழம் 10 மீற்றருக்குக் குறையும்போது வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் அளவுக்கு இறங்குகிறது. மீடிறன் மாறாது, ஒரு முகடு வந்து அடுத்த முகடு வர அதே 30 நிமிடம்தான். ஆகவே அலைநீளம் 356 கிலோமீற்றரிலிருந்து 18 கிலோமீற்றருக்குச் சுருங்குகிறது. அலைநீளம் 20 மடங்கு குறைந்தது என்பதற்காகச் சக்தி 20 மடங்கு கூடிவிடவில்லை. வந்த சக்தி அதேதான், மெதுவாகப் போவதால் நெருக்கப்பட்டு உயரம் ஏறுகிறது. இந்த எளிய கணக்கு அரை மீற்றர் வீச்சத்தை 2.2 மீற்றர் வரை உயர்த்திக் காட்டும். அதற்குப் பிறகு கடற்கரையின் சரிவு, குடாக்களின் வடிவம், அலை உடைவது, அடித்தள உராய்வு எல்லாம் சேர்ந்துவிடும். முல்லைத்தீவில் எவ்வளவு, காலியில் எவ்வளவு என்பதை இந்தச் சூத்திரத்திலிருந்து எடுக்க முயலக் கூடாது, அதற்குக் களத்தில் அளந்தவர்களின் தரவுதான் வேண்டும்.

இதே பொறி ஒளியிலும் உண்டு, பரீட்சையில் பிள்ளைகள் விழும் இடம் இது. 532 நனோமீற்றர்ப் பச்சை ஒளி நீருக்குள் போகிறது. நீரின் முறிவுச் சுட்டி 1.33, ஆகவே நீருக்குள் அலைநீளம் 400 நனோமீற்றர். 400 என்றால் ஊதா ஆயிற்றே, போட்டனின் சக்தியும் கூடிவிட்டதா? இல்லை. மீடிறன் மாறவில்லை, ஆகவே போட்டனின் சக்தியும் மாறவில்லை, பச்சை பச்சையாகவே இருக்கிறது. அலைநீளத்தை வைத்துப் போட்டனின் சக்தியைக் காணும் சூத்திரத்தில் போட வேண்டியது வெற்றிடத்திலுள்ள அலைநீளம். அதனால்தான் நான் மாணவர்களிடம் மீடிறனைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன், அலைநீளம் ஊடகத்துக்கு ஊடகம் வேடம் மாறும். இன்னொன்று: அந்தச் சூத்திரம் இலத்திரன் அலைகளுக்குப் பொருந்தாது. 100 இலத்திரன் வோல்ட் சக்தியுள்ள இலத்திரனின் அலைநீளம் 0.123 நனோமீற்றர் அளவு. அதே அலைநீளமுள்ள போட்டனுக்கு 10,000 இலத்திரன் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இலத்திரனுக்கு உந்தத்தின் வழியாகப் போக வேண்டும்.

இதுவரை சொன்னவை சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இரண்டு இடங்களில் மட்டும் கொஞ்சம் தளர்த்திச் சொல்ல வேண்டும். நுழைவாய் மீடிறனுக்கு (இலத்திரனை வெளியேற்ற ஒரு போட்டனுக்கு வேண்டிய ஆகக் குறைந்த மீடிறன்) கீழே இலத்திரன் வெளியேறவே வெளியேறாது என்று பாடத்தில் எழுதுவது சாதாரண விளக்குகளுக்குச் சரி. மிகப் பலமான லேசரில் இரண்டு போட்டன்களை ஒரே சமயத்தில் விழுங்குவது நடக்கும். மரியா கேப்பர்ட்-மேயர் 1931 இல் இதைக் கணித்தார், லேசர் வந்தபின் 1961 இல் கண்டார்கள். உயர்தர விடைத்தாளில் இதை எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். மற்றது, ஒலிக்கும் கடலலைக்கும் சொட்டு உண்டா என்பது. திண்மத்தில் அணுக்களின் அதிர்வுக்குச் சொட்டு உண்டு, அது இல்லாமல் தாழ்ந்த வெப்பநிலையில் தன்வெப்பம் விளங்காது. ஆனால் காற்றில் போகும் 1000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், ஒரு சொட்டு, அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறின் சாதாரண வெப்பச் சலசலப்பைவிட 600 கோடி மடங்கு சிறியதாக வரும். எந்த நுண்கருவியும் அங்கே அதைப் பிரித்துக் காணாது. சுனாமிக்குப் போட்டால் 10⁻³⁷ யூல் வரிசையில் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு நடைமுறையில் அர்த்தம் எதுவும் இல்லை.

கோபுரத்துக்கு வருகிறேன். இங்கே என் எல்லை குறுகியது, நான் வைத்தியர் அல்ல. பௌதிகம் உறுதியாகச் சொல்வது இது: அந்த அலைகளின் போட்டன் ஒன்று இலத்திரன் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான், மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கச் சில இலத்திரன் வோல்ட் வேண்டும். ஆகவே எக்ஸ் கதிர் செய்யும் விதத்தில் இவை தீங்கு செய்யாது. உறுதியாகத் தெரிந்த விளைவு சூடாக்குவது, அதற்குக் கணக்கு செறிவு. அதனால்தான் அயனாக்காத கதிர்ப்புக்கான சர்வதேச ஆணைக்குழு பொதுமக்களுக்கு வைத்திருக்கும் எல்லையும் செறிவில் இருக்கிறது: 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாட், 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் 10 வாட். நீண்டகாலப் பாவனையைப் பற்றிய கேள்வி வேறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இந்த அலைகளை “புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சாத்தியம்” உள்ள பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவில் வைக்கப்படுவது மட்டுப்பட்ட சான்று உள்ளவை, நிரூபணமானவை அல்ல.

கோபுரத்தின் அன்ரெனா பெரும்பாலும் கிடையாகத்தான் அனுப்பும், நேர் கீழே இருப்பவருக்கு வருவது குறைவு. எதிரே 50 மீற்றரில் இருப்பவருக்கு, அன்ரெனா எல்லாப் பக்கமும் 1000 வாட் அனுப்புவதுபோல அவர் திசையில் அனுப்புகிறது என்று வைத்தாலும், சதுர மீற்றருக்கு 0.03 வாட் அளவுதான் வரும். காதோடு ஒட்டிப் பேசும் கைத்தொலைபேசி சென்ரிமீற்றர்க் கணக்கில் இருக்கிறது, பெரும்பாலானோருக்கு உடம்பில் கூடுதலாகப் படுவது அதிலிருந்துதான். ஆனால் நான் போட்டது மாதிரிக் கணக்கு. உங்கள் வீட்டு யன்னலில் என்ன வருகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும், அதைக் கேட்க வேண்டிய இடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கேட்கும்போது சதுர மீற்றருக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். மீடிறனை மட்டும் எழுதி அனுப்பினால் பாதி விடைதான் வந்திருக்கிறது என்று உங்கள் மகளே சொல்லிவிடுவார்.